பருத்திமார்: ஆலைக்கா, மண்ணுக்கா?

மாசி, பங்குனியில் பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் காடுகளில் ஆங்காங்கே புகை எழுவதைப் பார்க்கலாம். கடைசி எடுப்பு முடிந்த பருத்திச் செடிகளைப் பிடுங்கி, வரப்போரம் குவித்து, காய்ந்ததும் தீ வைத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் பருத்திமார் என்றால் அடுப்பு விறகு. மழைக்காலத்துக்கு ஆகும் என்று வீட்டுக் கொல்லையில் போர் போட்டு வைப்பார்கள். கிராமத்து அடுப்படிக்கு காஸ் சிலிண்டர் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. இப்போது பருத்திமார் என்பது, அடுத்த உழவுக்கு முன் எப்படியாவது அப்புறப்படுத்த வேண்டிய தொல்லை.

அதே நாட்களில், குன்னத்தில் இருந்து அரை மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு வெளியூர்களில் இருந்து லாரி லாரியாக எரிபொருள் வந்து இறங்குகிறது. நிலக்கரி ஒரு பக்கம். நகரக் குப்பையில் இருந்து பிரித்தெடுத்த பிளாஸ்டிக், கந்தல் துணி, ரப்பர்த் துண்டுகள் இன்னொரு பக்கம். மாநகரக் குப்பை நூறு கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்து எரிகிறது. பக்கத்துக் காட்டில் இருக்கும் நல்ல எரிபொருள் வரப்பிலேயே எரிந்து வீணாகிறது.

‘கழிவிலிருந்து காசு’ என்று இதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பேசுவோரில் பெரும்பாலோர் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடுகிறார்கள். காசு யாருக்கு? வயலில் மிஞ்சுவதற்கு இப்போது விலை வரத் தொடங்கியிருக்கிறது. அந்த விலையை யார் வைப்பது, எதை விற்கலாம், எதை விற்கவே கூடாது என்பதை விவசாயி முதலில் முடிவு செய்யாவிட்டால், தரகரும் ஆலையும் முடிவு செய்துவிடுவார்கள்.

ஆலைகளுக்கு ஏன் இப்போது அக்கறை?

அரசின் டான்செம், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பெரிய ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. சிமெண்ட் தயாரிப்பில் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் சுண்ணாம்புக்கல்லில் இருந்தே வருவது. அதை எளிதில் குறைக்க முடியாது. மீதி, எரிபொருளில் இருந்தும் மின்சாரத்தில் இருந்தும் வருவது. நிலக்கரிக்குப் பதில் வேறொன்றை எரித்தால் அந்தப் பங்கைக் குறைக்கலாம்.

இதுவரை இது ஆலைகளின் விருப்பம் போல இருந்தது. 2023-இல் மத்திய அரசு கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய 4 துறைகளின் ஆலைகளுக்கு, ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு வாயு வெளியேற்றலாம் என்ற இலக்கு சட்டபூர்வமாக வந்துவிட்டது. 2023-24-ஐ அடிப்படையாக வைத்து 2025-26, 2026-27 ஆண்டுகளுக்கு இலக்கு. இலக்கைவிடக் குறைத்தவர் சான்றிதழ் பெற்று விற்கலாம். தவறியவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். பயிர்க் கழிவை எரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு, பயிர் வளரும்போது காற்றில் இருந்து எடுத்ததுதான் என்பதால், இந்தக் கணக்கில் அது சேராது. ஆகவே பருத்திமாருக்கு எரிசக்தி மதிப்பு ஒன்று, கார்பன் மதிப்பு இன்னொன்று என இரட்டை மதிப்பு.

நகரக் குப்பைக்கும் சட்டத்தின் துணை உண்டு. குப்பையில் இருந்து ஆர்.டி.எஃப். எனப்படும் எரிபொருள் தயாரிக்கும் இடத்தில் இருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகள், தங்கள் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதத்தை இதைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்றன 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள். பல இடங்களில் இந்தக் குப்பையை ஆலை வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கும் செலவை உள்ளாட்சியே ஏற்கிறது. ஆலைக்கு எரிபொருள் கிட்டத்தட்ட இலவசம். பருத்திமாரை விற்கப் போகும் விவசாயி போட்டி போட வேண்டியது நிலக்கரியோடு மட்டுமில்லை, இந்த இலவசக் குப்பையோடும்தான். பேரத்தில் இது முதலில் நினைவில் இருக்க வேண்டும்.

எரியும் பொருளின் கணக்கு

மானாவாரியில் ஒரு ஏக்கருக்குச் சுமார் 1 டன் காய்ந்த பருத்திமார் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் கிடைப்பதாக மும்பையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிடுகிறது. முற்றிலும் காய்ந்த பருத்திமார் கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி வெப்பம் தரும். நம் நாட்டில் தோண்டும் சாதாரண ரக நிலக்கரிக்கு இது சமம். மரத்தன்மை அதிகம், சாம்பல் குறைவு. வைக்கோலைவிட எல்லா வகையிலும் மேலான எரிபொருள்.

சிமெண்ட் நிறுவனங்கள் தங்கள் எரிபொருள் செலவை டன்னில் சொல்வதில்லை. 1,000 கிலோ கலோரிக்கு எத்தனை ரூபாய் என்றுதான் காலாண்டு அறிக்கைகளில் பேசுகின்றன. அண்மைக் காலத்தில் அது ஒன்றேகால் ரூபாயில் இருந்து 2 ரூபாய்க்குள் இருந்துவருகிறது. நடுவே ஒன்றரை ரூபாய் என்று வைத்துப் பார்ப்போம். 15 சதவீத ஈரம் உள்ள பருத்திமார் கிலோவுக்குச் சுமார் 3,300 கிலோ கலோரி தரும். ஒரு டன் என்றால் 33 லட்சம் கிலோ கலோரி. ஒன்றரை ரூபாய் கணக்கில் 4,950 ரூபாய். அதே பொருளைப் பிடுங்கிய கையோடு 40 சதவீத ஈரத்துடன் ஏற்றினால் மதிப்பு 3,200 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும் என்பதுதான் காரணம்.

இந்தத் தொகை முழுவதும் விவசாயி கைக்கு வந்துவிடாது. பருத்திமாரைப் பிடுங்கும் கூலி, துகளாக்கும் செலவு, வண்டி வாடகை எல்லாம் இதற்குள்தான். நிலக்கரிக்காக அமைத்த உலையில் புதுப் பொருளைச் செலுத்த ஆலைக்கும் தனிச் செலவு உண்டு. அதையும் கழித்துத்தான் விலை சொல்வார்கள். ஆனாலும் உச்சவரம்பு எது என்று தெரிந்துகொண்டு பேசுவதற்கும், ‘சும்மா எரிக்கிறதுதானே, குடுங்க’ என்று வருபவரிடம் தலையாட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

உண்மையான சிக்கல் கனத்தில் இருக்கிறது. தளர்வாகக் கிடக்கும் பருத்திமார் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ அளவில்தான் இருக்கும். டிராக்டர் டிப்பரில் குவித்துக் கயிறு கட்டினாலும் ஒரு டன் ஏறாது. காற்றைத்தான் வாடகை கொடுத்து ஏற்றிச் செல்கிறோம். வயலிலேயே துகளாக்கினால் அதே வண்டியில் இரண்டு, மூன்று மடங்கு ஏறும். அழுத்தி, பிரிக்கெட் எனப்படும் எரிகட்டியாக்கினால் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் வரும். ஆகவே இந்தத் தொழிலில் லாபம் எங்கே இருக்கிறது என்றால், துகளாக்கும் கருவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம். விதர்பாவில் மத்திய பருத்தித் தொழில்நுட்ப நிறுவனத்தின் நாக்பூர் மையம் பல ஆண்டுகளாகப் பருத்திமாரில் எரிகட்டி, துகள் பலகை, காளான் வளர்ப்பு என்று பயிற்சி கொடுத்துவருகிறது. நாக்பூர் மயானங்களில் விறகுக்குப் பதிலாக இத்தகைய எரிகட்டிகள் பயன்படுகின்றன. அங்கும் கற்ற பாடம் இதுவே: சேகரிப்புச் செலவைக் கட்டுப்படுத்தினால் ஆலை ஓடும், இல்லையேல் பூட்டு.

வேரோடு பிடுங்கும்போது ஒட்டிவரும் கரிசல் மண்ணை உதறாமல் ஏற்றினால், எடையிலும் கழிப்பார்கள், தரத்திலும் கழிப்பார்கள். இது சின்ன விஷயம்போல் தோன்றும். விலை பேசிய பிறகு வரும் தகராறுகளில் பாதி இந்த மண்ணாலும் ஈரத்தாலும் வருபவை.

காய்ப்புழுவை மறக்கக் கூடாது

பருத்திமாரை எரிப்பதற்கு விவசாயிகள் சொல்லும் ஒரு காரணம் நியாயமானது. வெடிக்காத காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உறக்க நிலையில் தங்கியிருக்கும். வரப்போரம் மாதக்கணக்கில் குவியலாகக் கிடக்கும் பருத்திமார், அடுத்த பருவத்துக்குப் புழுவைக் கடத்தும் பாலம். எரித்தால் புழு ஒழியும்.

‘ஆலைக்கு விற்கலாம்’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. விற்பதற்காகக் குவித்து, லாரி வரும் வரை வைகாசி, ஆனி என்று காத்திருந்தால், எரிப்பதைவிட அது மோசம். பிடுங்கிய சில வாரங்களுக்குள் துகளாக்கிவிட வேண்டும். துகளாக்கும்போது காய் நொறுங்கிப் புழுவும் அழிந்துவிடும். அதன் பிறகு எத்தனை நாள் வைத்திருந்தாலும் கவலை இல்லை. எந்த ஒப்பந்தம் போட்டாலும், எடுக்கும் தேதியும் எடுக்கத் தவறினால் என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துகளாக்கிச் சேமிக்கும் முறையை இங்குள்ள பருவத்துக்கும் மண்ணுக்கும் ஏற்பச் சோதித்து, நாள் கணக்கோடு ஒரு பரிந்துரையை அந்த நிலையம் கொடுத்தால் பேருதவி.

மக்காச்சோளத்தில் வேறு கணக்கு

பருத்திமாருக்குச் சொன்னதை அப்படியே மக்காச்சோளத்துக்குச் சொல்ல முடியாது. இங்கே மிஞ்சுவது இரண்டு: தட்டை ஒன்று, மணி உதிர்த்த கதிர்க்கட்டை மற்றொன்று.

கதிர்க்கட்டையில் பயிர்ச்சத்து குறைவு. காய்ந்தது, கெட்டியானது, இயந்திரத்தில் மணி உதிர்க்கும் இடத்திலேயே ஒரே குவியலாகக் கிடைக்கிறது. ஒரு டன் மணிக்கு 180 முதல் 200 கிலோ வரை கட்டை தேறும். இதை எரிபொருளாக விற்பதில் மண்ணுக்குப் பெரிய இழப்பு இல்லை. சேகரிப்புச் செலவும் இல்லை. அறுவடை இயந்திரம் வயலிலேயே கட்டையைச் சிதறவிட்டுப் போகும் இடங்களில் மட்டும் பொறுக்கி எடுப்பது கட்டுப்படியாகாது, மடக்கி உழுதுவிடலாம்.

தட்டை அப்படி இல்லை. முதலில் அது மாட்டுத் தீவனம். மணி முற்றிய பின் சத்து குறைந்துதான் இருக்கும், என்றாலும் கோடையில் வைக்கோல் விலை ஏறும்போது நறுக்கிப் போடும் தட்டைதான் பல வீடுகளில் கறவை மாட்டைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது, அது உரம். ஒரு டன் காய்ந்த தட்டையில் ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்தும் 12 கிலோ அளவுக்குச் சாம்பல்சத்தும் இருக்கும். 5 கிலோ தழைச்சத்து என்பது 11 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற மானிய விலையில் அது 65 ரூபாய்தான். 12 கிலோ சாம்பல்சத்து என்பது 20 கிலோ பொட்டாஷ் உரம். 50 கிலோ மூட்டை 1,500 ரூபாய்க்குக் குறையாத காலத்தில் அதன் மதிப்பு 600 ரூபாய்க்கு மேல். ஆக, ஒரு டன் தட்டையை வயலை விட்டு அனுப்புகிறவர், உரக்கடை விலையில் பார்த்தாலே 700 ரூபாயை ஒட்டி மண்ணில் இருந்து எடுத்துக் கொடுக்கிறார். அதில் 400 கிலோவுக்கு மேல் இருக்கும் கரிமச்சத்துக்கு உரக்கடையில் விலைப்பட்டியல் கிடையாது.

எரிக்கிறவர் நிலையும் அதேதான். தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையாகப் போய்விடும். பொட்டாஷ் சாம்பலில் தங்கும். அதையும் பங்குனிக் காற்று பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோகும்.

மண்வள அட்டையை எடுத்து அங்ககக் கரிமம் என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் ‘குறைவு’ என்று போட்டிருக்கும். மானாவாரிக் கரிசலில் மழை ஈரத்தைப் பிடித்துவைப்பது அந்தக் கரிமமும்தான். ‘குறைவு’ என்று வந்த நிலத்தில் இருந்து தட்டையை வெளியே அனுப்பக் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. என்ன விலை கொடுத்தாலும் சரி.

தட்டையை ஆலைகளும் அவ்வளவாக விரும்பாது என்பது வேறு விஷயம். அதில் உள்ள பொட்டாஷும் குளோரினும் சிமெண்ட் உலையின் மேற்பகுதிக் குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்கும். பருத்திமாரில் இந்தத் தொல்லை குறைவு.

தட்டையை மடக்கி உழும்போது ஒரு எச்சரிக்கை. தட்டையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். உடனே விதைத்தால் பயிர் மஞ்சளாகும். பலர் ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டு, ‘தட்டையை உழுதால் வெள்ளாமை கெடும்’ என்று எரிப்புக்கே திரும்பியிருக்கிறார்கள். கோடை மழைக்கு முன்பே துகளாக்கி உழுதுவிட்டு, சாணக் கரைசலோ சிறிது யூரியாவோ கொடுத்து, ஆடிப் பட்டத்துக்குள் மட்கவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. குவித்து மட்கவைப்பவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ போதும்.

சின்ன வெங்காயத் தாளையும் தோலையும் பற்றி ஒரு வரி: மட்கவைக்காமல் திரும்ப வெங்காய வயலில் கொட்டாதீர்கள். அழுகல் நோய்ப் பூஞ்சாணம் அதோடு வரும்.

சாம்பல் எங்கே போகிறது?

எரிபொருளாக விற்பது என்று முடிவு செய்தாலும், எந்த ஆலைக்கு என்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. கொதிகலனில் எரித்தால் சாம்பல் மிஞ்சும். கேட்டு வாங்கி வயலில் போடலாம். சிமெண்ட் உலையில் அப்படி இல்லை. அங்கே கலவை 1,450 டிகிரி வரை சூடாகிறது. எரிபொருளின் சாம்பலும் கிளிங்கரோடு உருகிச் சேர்ந்துவிடும். ‘மிச்சமே இல்லாமல் எரிக்கிறோம்’ என்று ஆலைகள் சொல்வது நகரக் குப்பையைப் பொறுத்தவரை நல்ல செய்தி. வயல் கழிவைப் பொறுத்தவரை, அதில் இருந்த பொட்டாஷ் சிமெண்ட் மூட்டையில் ஏறி யாரோ கட்டும் வீட்டுச் சுவருக்குப் போய்விடுகிறது என்று பொருள். பொட்டாஷ் உரத்துக்கு முழுவதும் இறக்குமதியை நம்பியிருக்கும் நாடு இது.

பருத்தியில் இலை உதிர்ந்து வயலிலேயே விழுந்துவிடுவதால், மாரை மட்டும் எடுப்பதில் இழப்பு ஓரளவுக்குத்தான். தாங்கக்கூடிய இழப்பு. அதை விலையில் சேர்த்துக் கேட்க வேண்டும்.

குப்பை எரிப்பு பற்றிச் சுற்றுவட்டார ஊர்களில் எழும் அச்சத்தையும் ஒதுக்க முடியாது. கழிவை எரிக்கும் சிமெண்ட் உலைகளுக்கு 2016-இல் தனி வெளியேற்ற வரம்புகள் அறிவிக்கப்பட்டன. டயாக்சின், ஃபியூரான் நச்சுகளுக்கும் வரம்பு உண்டு. சுண்ணாம்புச் சூளைபோல் குறைந்த வெப்பத்தில் பிளாஸ்டிக்கை எரிப்பதைவிட, இவ்வளவு வெப்பத்தில் எரிப்பது எவ்வளவோ மேல். அளவீடுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் மாதந்தோறும் எழுதிப்போட்டால் பாதி அச்சம் தீரும்.

கரும்பு சொல்லும் பாடம்

கழிவில் விவசாயிக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி இந்த இரு மாவட்டங்களுக்கும் புதிதல்ல. எறையூரில் பொதுத்துறை சர்க்கரை ஆலையும், அரியலூர் மாவட்டம் சாத்தமங்கலத்தில் கோத்தாரி ஆலையும் இருக்கின்றன. ஒரு டன் கரும்பை அரைத்தால் 280 முதல் 300 கிலோ சக்கை கிடைக்கும். அந்தச் சக்கையை எரித்துத்தான் ஆலை ஓடுகிறது. இணை மின் நிலையம் இருந்தால் மிச்ச மின்சாரம் விற்பனைக்கும் போகிறது. மொலாசஸ் சாராய ஆலைக்கும் எத்தனாலுக்கும் போகிறது. கரும்பு விவசாயிக்கு?

1974 முதல் 2009 வரை கரும்பு கட்டுப்பாட்டு ஆணையின் 5ஏ பிரிவு, ஆலையின் கூடுதல் வருவாயில் விவசாயிக்குப் பங்கு கொடுக்கச் சொன்னது. பெரும்பாலான ஆலைகள் கொடுக்காமல் இழுத்தடித்ததை நம் விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. பிறகு 2012-இல் ரங்கராஜன் குழு, சர்க்கரை மற்றும் முதல்நிலை உபபொருட்களின் மதிப்பில் 70 சதவீதம், அல்லது சர்க்கரை மதிப்பில் மட்டும் 75 சதவீதம் விவசாயிக்கு என்று பரிந்துரைத்தது. சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் மூன்றுக்கும் சேர்த்து அந்த 5 சதவீத வித்தியாசம்தான் ஈடு. சக்கையில் இருந்து எடுக்கும் மின்சாரமோ, மொலாசஸில் இருந்து எடுக்கும் எத்தனாலோ இதில் வராது. தமிழ்நாட்டில் 2018-இல் வருவாய்ப் பங்கீட்டு முறைக்குச் சட்டம் வந்தது.

இந்தச் சூத்திரத்தில் குறை உண்டு. ஆனால் கழிவும் கரும்பின் விலையில் ஒரு பகுதி என்ற கொள்கையாவது எழுத்தில் இருக்கிறது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அதுகூட இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலை பஞ்சுக்கும் மணிக்கும்தான்.

இப்போது பிரஸ்மட்டைக் கவனிக்க வேண்டிய நேரம். அரைக்கும் கரும்பில் 3 முதல் 4 சதவீதம் பிரஸ்மட்டாக வெளியேறும். நாளுக்கு 3,000 டன் அரைக்கும் ஆலையில் 90 முதல் 120 டன். இதுவரை கரும்பு விவசாயிகள் வண்டி வாடகையோடு வாங்கி வயலில் போட்டுவந்தார்கள். இன்று இதற்குப் புது கிராக்கி: சி.பி.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு. வாகன, வீட்டுக் குழாய் எரிவாயுவில் 2025-26-இல் 1 சதவீதம், 2026-27-இல் 3, 2027-28-இல் 4, 2028-29 முதல் 5 சதவீதம் இதைக் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு நிர்ணயித்துள்ளது. 25 முதல் 30 டன் பிரஸ்மட்டில் ஒரு டன் எரிவாயு கிடைக்கும்.

இதை எதிர்க்க வேண்டியதில்லை. எரிவாயுவாகப் போவது கரிமத்தின் ஒரு பகுதி. தழை, மணி, சாம்பல் சத்துகள் பின்னால் வெளியேறும் கழிவுக் கூழில் அப்படியே இருக்கும். அந்தக் கூழ் கரும்பு வயலுக்குத் திரும்பினால் யாருக்கும் நட்டமில்லை. நொதித்த அந்த அங்கக உரத்தை விற்க, டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை ஊக்கத்தொகையையும் மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. சிக்கல் எங்கே என்றால், அந்த உரம் பை போட்டு வெளியூர்க் கடைக்குப் போய், பிரஸ்மட் கொடுத்த ஊரின் விவசாயி அதைப் புது விலையில் வாங்கும் நிலை வந்தால்தான். ஆலையின் கரும்பு ஒப்பந்தத்திலேயே, டன் கரும்புக்கு இத்தனை கிலோ நொதித்த உரம் என்று கேட்டு வாங்கும் கோரிக்கையைச் சங்கங்கள் இப்போதே எழுப்ப வேண்டும். எரிவாயு ஆலை கட்டி முடித்த பிறகு கேட்டால் நடக்காது.

நாமக்கல்லைப் பாருங்கள். நம் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு நாமக்கல் கோழிக்குத்தான் போகிறது. அந்தக் கோழி எச்சத்தை மூலப்பொருளாகக் கொண்டு புதுச்சத்திரத்தில் உயிரி எரிவாயு ஆலை இயங்குகிறது. பெரம்பலூர்க் கரிசலில் இருந்து மணியாகக் கிளம்பிய சத்து அங்கே கோழி வழியாகக் கூழாக நிற்கிறது. திரும்பி வரும் லாரியில் அது வருகிறதா என்பதுதான் கேள்வி. மக்காச்சோளம் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரிகள் எத்தனையோ.

வடக்குக்கு ஒரு திட்டம், தெற்குக்கு?

டெல்லியில் மூச்சுத்திணறல் வந்ததால் வைக்கோல் எரிப்புக்கு நாடு விழித்தது. பஞ்சாப், ஹரியாணா, உத்தரப் பிரதேசம், டெல்லி விவசாயிகளுக்கு 2018 முதல் தனித் திட்டம். பயிர்க் கழிவு இயந்திரங்களுக்குத் தனிநபருக்கு 50 சதவீதம், குழுக்களின் வாடகை மையங்களுக்கு 80 சதவீதம் மானியம் கொடுத்தார்கள். சங்ரூர் மாவட்டம் லேராகாகாவில் 2022 அக்டோபரில், நாளுக்கு 33 டன் உயிரி எரிவாயு தயாரிக்கும் ஆலையும் வந்தது.

குன்னத்தில் எரியும் பருத்திமார் எந்தத் தலைநகரத்தையும் தொடுவதில்லை. அதனால் இங்கே பொதுவான இயந்திரமயமாக்கல் திட்டத்தின் மானியம்தான். துகளாக்கும் கருவியோ ரோட்டரி மல்ச்சரோ வாங்க விரும்பும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மீதியைக் கைக்காசாகப் போட வேண்டும். அந்தக் கருவிக்கு வேலை ஆண்டில் இரண்டு, மூன்று மாதம்தான் என்பதால் கடன் கொடுக்க வங்கியும் தயங்குகிறது. பருத்திக்குப் பிறகு மக்காச்சோளத் தட்டை, அதன்பின் தென்னை மட்டை என்று ஒரே கருவியை மாற்றி மாற்றி ஓட்டும்படி திட்டமிட்டால் கணக்கு சரியாகலாம். வாலிகண்டபுரம் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையமும், சோழமாதேவி கிரீடு வேளாண் அறிவியல் மையமும் இந்தக் கணக்கை ஒரு குழுவோடு ஒரு பருவம் நடத்திக் காட்டினால், ஆலைகளிடம் பேசுவதற்குக் கையில் உண்மையான எண்கள் இருக்கும்.

உயிர்க்கரி பற்றியும் இப்போது நிறையப் பேச்சு. ஹைதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம், இரும்பு டிரம்மிலேயே பருத்திமாரைக் கரியாக்கும் எளிய சூளையை உருவாக்கியிருக்கிறது. ஒரு டன் மாரில் 250 முதல் 300 கிலோ கரி தேறும். மண்ணில் பல்லாண்டு நிலைக்கும். ஆனால் உயிர்க்கரி பொதுவாகக் காரத்தன்மை உடையது. புளிப்பு மண்ணில் நல்ல பலன் தரும். நம் சுண்ணாம்புக் கரிசலில் கார அமில நிலை ஏற்கெனவே 8-ஐத் தாண்டியிருக்கும் நிலங்கள் உண்டு. அங்கே தொழுவுரத்தோடு ஊறவைத்து, ஒரு மூலையில் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடர்வதே நல்லது. கார்பன் வரவு வாங்கித் தருகிறோம் என்று வருபவர்கள் இந்த எச்சரிக்கையைச் சொல்ல மாட்டார்கள்.

தனி விவசாயி 2 டன் பருத்திமாரோடு சிமெண்ட் ஆலை வாசலில் நின்றால் காவலாளியோடுதான் பேச முடியும். 300 ஏக்கர் பருத்தியைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நிறுவனம் எரிபொருள் கொள்முதல் அதிகாரியோடு பேசலாம். அந்தப் பேச்சில் நான்கு விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும்: எடைக்கா வெப்பத்துக்கா விலை, ஈரத்தை அளப்பது யார், எடுக்கும் கடைசித் தேதி எது, கார்பன் சான்றிதழால் வரும் ஆதாயத்தில் பங்கு உண்டா. நான்காவதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். கரும்பில் உபபொருளுக்குப் பங்கு கேட்டபோதும் சிரித்தார்கள்.

ஈரமானி ஒன்றைக் குழுவே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏற்றும் முன் வயலில் ஒரு முறை, ஆலை எடைமேடையில் ஒரு முறை அளந்து, இரண்டு எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.